முக்காலித் தடியோடு சமயபுரம்

வேண்டிக்கிட்டது என் பொண்டாட்டி. நடக்க வேண்டியது நான். இந்த அநியாயத்தை எந்தப் பஞ்சாயத்துல போய்ச் சொல்றது? போன வருசம் பக்கவாதம் வந்து நான் ஆஸ்பத்திரியில கட்டை மாதிரி கிடந்தப்ப, "ஆத்தா, இந்த மனுசன் பெரம்பலூர்லேருந்து உன் வாசலுக்கு நடந்தே வருவாரு"ன்னு சமயபுரத்தாகிட்ட என் காலை அடகு வெச்சுட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலும் பதில் சொல்ற நிலைமையில நான் இல்லைங்கறது வேற விசயம்.

பொழைச்சேன். நடையும் வந்துச்சு. ஆனா தரையில உக்காந்தா, ரெண்டு ஆளு சேர்ந்து தூக்குனாத்தான் எந்திரிக்க முடியும். அதுக்காக மக ஆன்லைன்ல ஒரு தடி வாங்கிக் குடுத்தா. மடக்குனா ஊன்றுகோல், விரிச்சா முக்காலி. உக்கார்ற இடம் என்னவோ சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நம்ம பின்பக்கம் பாதி வெளியிலதான் நிக்கும்.

மஞ்சத்துணி கட்டிக்கிட்டு, துணைக்கு அவளும் கூட நடக்க, கோஷ்டியோட கிளம்பி, பாடாலூர் வரைக்கும் அந்தத் தடியே கதின்னு வந்து சேந்தேன். ரோட்டோர மோர்ப்பந்தல்ல எல்லாரும் தரையில குந்துனாங்க. நான் தடியை விரிச்சு ஜம்முனு உக்காந்தேன். அவ்வளவுதான், எங்களைக் கூட்டிட்டுப் போற பூசாரிக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துருச்சு.

"நமக்காக ஆத்தாளே பச்சைப் பட்டினி விரதம் கெடக்குறா, உங்களுக்கு நாற்காலி கேக்குதா? விரதக்காரன் தரையிலதான் உக்காரணும். முடியாட்டி மூட்டை ஏத்திட்டு வர்ற வேன்ல ஏறிக்குங்க."

வேன்ல ஏறுனா வேண்டுதல் போச்சு. எனக்குச் சாமி பக்தி அரைகுறைதான். ஆனா வேண்டுதல் தவறுனா நான் மறுபடியும் படுத்துருவேன்னு என் பொண்டாட்டி நம்புறா. அதுக்கப்புறம் அவளுக்குத் தூக்கமே வராது. அதனால எந்திரிச்சுத் தடியை மடக்கப் போனேன்.

அவ மோர் டம்ளரைக் கீழ வெச்சா. "பூசாரியாரே, வேண்டுனவ நான். நடந்து வருவாருன்னுதான் சொன்னேன். நடுவுல உக்கார மாட்டாருன்னு சொல்லல. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க மோரக் குடிங்க."

பூசாரி மோரைக் குடிச்சாரு. வேற என்ன பண்ணுவாரு, பாவம்.

சிறுகனூர் தாண்டி நடக்கறப்ப, கால் கடுத்த கடுப்புல கேட்டே புட்டேன். "ஏன்டி, அவ்வளவு பாசம்னா உன் காலை அடகு வெச்சிருக்கலாம்ல? நீ மட்டும் நடந்திருப்ப, நான் பஸ்ல சொகுசா வந்திருப்பேன்."

அவ நிக்கவும் இல்ல, திரும்பிப் பாக்கவும் இல்ல.

"என் காலை அடகு வெச்சிருந்தா, உங்களை எந்திரிக்க வெக்கணும்னு ஆத்தாளுக்கு என்ன கட்டாயம்?"