இறங்கிக்கொண்டே இருந்த பேட்டரி

லாரி ஷெட்டில் அவளுக்குப் பெயர் ஃபியூஸ் அக்கா. கோபம் வந்தால் பட்டென்று அணைந்துபோவாள். பிறகு யார் கூப்பிட்டாலும் பதில் வராது. அதனால் வந்த பெயர். கணவர் இன்ஜின் பார்ப்பார், ஒயரிங் முழுக்க அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் டெஸ்ட் லாம்ப் பிடித்தவள். இப்போது ஒயர் விஷயத்தில் கணவரே வாய் திறக்க மாட்டார். டிரைவர்கள் பேய்க்கதை எடுத்தால், "எர்த் சரியா இருந்தா எந்தப் பேயும் வராது, போய் வேலையப் பாருங்க" என்பாள்.

மழை விட்ட ஒரு முற்பகலில், அந்தப் பழைய லாரியை இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்துவந்தது. டிரைவருக்குத் தூக்கமில்லாமல் கண்கள் உள்ளே போயிருந்தன.

"நிறுத்தறப்ப நல்லாதான் இருக்குக்கா. காலையில பாத்தா செத்துக் கிடக்கு. பேட்டரி புதுசு. டைனமோவும் சார்ஜ் ஏத்துது."

"அப்போ ராத்திரியெல்லாம் எதுவோ உக்காந்து குடிக்குது. பிடிச்சிடலாம் தம்பி."

ஷெட்டிலிருந்த நல்ல பேட்டரியை வைத்து, மைனஸ் கேபிளை மட்டும் தனியாக விட்டு, இடையில் டெஸ்ட் லாம்பை மாட்டினாள். வண்டியில் எதுவாவது கரண்ட் இழுத்தால்தான் அது எரியும். வண்டியில் சாவி இல்லை. ஒரு விளக்கும் போடவில்லை. ஆனாலும் லாம்ப் எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். டைனமோ ஒயரையும் கழற்றினாள். அப்போதும் எரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. வெளிச்சம் மெல்ல மங்கியது, ஏறியது, மறுபடி மங்கியது. தூங்குகிறவரின் மூச்சைப் போல. எட்டிப் பார்த்த கணவர் தன் இன்ஜினுக்கே திரும்பிப் போனார்.

ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக ஓர் ஒயர் ஓடியது. விரலால் தடவிக்கொண்டே போனாள். மிதியடிக்குக் கீழே, சீட்டுக்குக் கீழே, பின்பக்கப் பலகைக்குள். பலகைக்கு அந்தப் பக்கம் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை, கதவில் பூட்டு.

"இதைத் திறங்க."

டிரைவர் ஓரடி பின்னால் போனான். "அண்ணன் ஓட்டின வண்டிக்கா. இதுக்குள்ளதான் படுத்தான், எழுந்திரிக்கவே இல்ல. போன வருஷம். அண்ணிதான் அவன் துண்டை மடிச்சு படுக்கை மேல வச்சுட்டுப் பூட்டினாங்க. சாவி எங்கயோ தொலைஞ்சிடுச்சு. அப்புறம் யாரும் திறக்கல."

"பேட்டரி எப்பலேருந்து இறங்குது?"

"இந்த மழை ஆரம்பிச்சதிலேருந்துதான்."

அவள் கீலின் திருகுகளைக் கழற்றினாள். கதவு விலகியதும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது, தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனையோடு. தலைமாட்டில் ஒரு குட்டி ஃபேன். அதன் இறக்கையில் துண்டு இறுகச் சுற்றியிருந்தது. ஃபேன் திணறித் திணறித் துடித்தது. மோட்டார், காய்ச்சல்காரர் நெற்றியைப் போலச் சுட்டது.

"அண்ணன் போட்டது. காத்து இல்லாம அவனுக்குத் தூக்கம் வராது," என்றான் தம்பி.

மேடு பள்ளத்தில் துண்டு சரிந்து இறக்கையில் மாட்டியிருக்கலாம். அது சரி. சுவிட்ச்? அது போட்டபடி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி அமுக்கினால்தான் விழும் சுவிட்ச். அணைத்தாள், வெளியே லாம்ப் அணைந்தது. ஈரம் இறங்கியிருக்குமோ என்று சுவிட்சைப் பிரித்துப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லை.

"ஆட்டத்துல தானா விழுந்திருக்குமாக்கா?"

"இருக்கும்," என்றாள். சொன்னது அவளுக்கே ஒட்டவில்லை.

துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அந்த ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி டேப் சுற்றினாள். அதன்பின் பேட்டரி இறங்கவில்லை.

வெயில் காலம் வந்ததும் அவனே லாரியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"அந்த ஒயரை மறுபடி குடுத்துடுங்கக்கா. உள்ள ரொம்பப் புழுங்குது."

"இப்போ அங்கதான் படுக்கறீங்களா தம்பி?"

"இல்லக்கா. நான் சீட்லதான்."

அவள் டூல் பெட்டியை எடுத்தாள். தனி ஃபியூஸ் ஒன்று வைத்து ஒயரைக் கொடுத்தாள். "காலையில மறக்காம அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்னக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.