ஒண்ணரை வண்டியின் தண்டு

அப்பா லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் நின்று மேல்மாடிக்குக் கத்துகிற வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் அவருடைய அதிகபட்சப் பேச்சு, "உப்பு."

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், இடப்பக்கம் ஆள் உட்காரும் தொட்டி வைத்த பழைய மோட்டார் சைக்கிள். தெருவில் அதற்குப் பெயர் ஒண்ணரை வண்டி. ஞாயிறு காலையில் அம்மாவைத் தொட்டியில் உட்காரவைத்து ஏரி வரை போய்வருவார்.

போன மாதம் வேலையிடத்தில் களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் தொட்டியையும் வண்டியையும் மேல்பக்கம் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புத் தண்டு விரிசல் விட்டிருந்தது. கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அம்மா அதை என் மடியில் வைத்தாள்.

"வண்டிய உன் மாமா கேக்குறான். குடுத்துடலாம். அதுக்கு முன்னால ஒரு தடவை ஏரிக்குப் போயிட்டு வரணும்."

"யாரும்மா ஓட்டுறது?"

"ஊருக்கெல்லாம் பம்ப் டிசைன் பண்றியே. இத ஓட்டத் தெரியாதா?"

அந்தத் தண்டு இப்போது எங்கும் கிடைக்காது. செய்துதான் ஆகவேண்டும். அளந்தேன். நடுவில் அறுத்து வெல்டிங் வைத்த இடத்தில்தான் விரிசல். முன்பே ஒருமுறை உடைந்து, ஒட்டவைத்ததில் நீளம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்தேன். வண்டி எப்போதும் தொட்டிப் பக்கம் சாய்ந்து நின்றதற்கும், இடப்பக்கமே இழுத்ததற்கும், அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டே வீடு திரும்பியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. வண்டியை நிமிர்த்தி நிறுத்திக் கணக்குப் போட்டேன். பதினெட்டு மில்லிமீட்டர் கூட வேண்டும். படம் வரைந்தேன்.

அப்பாவைத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் படத்தையும் பழைய தண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீளம் ஒத்து வரலியேம்மா."

"பழசு தப்பு. படம்தான் சரி."

"உங்கப்பா வேலையவே தப்புன்னுட்டீங்க. நான் எம்மாத்திரம்" என்று கம்பியை லேத்தில் மாட்டினார்.

ஞாயிறன்று ஏரிக்குப் போனோம். வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. திரும்பிவந்து எஞ்சினை அணைத்தேன். அம்மா இறங்கவில்லை.

"நல்லாதான் ஓட்டுற. ஆனா இது அந்த வண்டி இல்ல."

"தண்டு மட்டும்தாம்மா புதுசு. முந்தி சாஞ்சு இழுக்கும். இப்ப நேரா போகுது."

"சாஞ்சாத்தானே கேக்கும்?"

அம்மாவுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். அதுவும் அரைகுறை.

"முதல் நாள் அவர் என்னமோ சொல்றார், எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. 'என்ன, என்ன'ன்னுக்கிட்டே போனேன். அடுத்த வாரம் தண்ட அறுத்துக் குறைச்சு ஒட்டிட்டு வந்து நிக்கிறார். தலை என் பக்கம் சாஞ்சு வந்துச்சு. அப்புறம் வாய மூடினாரா மனுஷன்? போகும்போதும் பேச்சு, வரும்போதும் பேச்சு."

"அப்பாவா?"

"பின்ன, ஏரி பேசுச்சா?"

நான் ஸ்பேனரை எடுத்துவந்து, அம்மா உட்கார்ந்திருக்கும்போதே தண்டைக் கழற்றத் தொடங்கினேன்.

"பதினெட்டு குறைச்சுப் புதுசா ஒண்ணு வேணும்" என்றேன் பட்டறையில்.

"படம் எங்கம்மா?"

"பழசுதான் படம்."

"அப்ப உங்கப்பா பாஸ்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வண்டி பழையபடி இடப்பக்கம் இழுத்தது. ஏரி வருவதற்குள் எனக்குத் தோள் வலி கண்டுவிட்டது. அம்மாவின் முகம் பக்கத்திலேயே இருந்தது.

"பேசு" என்றாள்.

"என்ன பேச?"

"அவருக்கும் முதல்ல தெரியல. லிப்டப் பத்தி ஆரம்பிச்சார்."

வேலையில் ஒரு பம்ப் இருக்கிறது, என்ன செய்தாலும் ஒழுகுகிறது என்று ஆரம்பித்தேன். ஏரி வந்தது. நிறுத்தப் போனேன்.

"நேரா போ. உன் மாமாகிட்ட அப்புறம் பாக்கலாம்னு சொல்லிக்கலாம்" என்றாள். "ஏன் ஒழுகுது?"