அத்தை என்னை ‘சார்’ என்றாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். சேரியில் பிறந்தவன் என்பதை முதலாளியிடம் மறைத்துத்தான் வேலையில் சேர்ந்திருந்தேன்.

ஒரு நாள் மதியம் மானாம்பதியில் என் அத்தை ஏறினாள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள். அந்தப் பக்கம் நடவுக்கு வந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்த மகளுக்குத் தூக்கில் கஞ்சி எடுத்துப் போனாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு, காலியாக இருந்த முன்சீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஸ்டாப்பில் அவள் நட்ட வயலின் சொந்தக்காரர் ஏறினார்.

“என் கழனியில நட்டவ பக்கத்துல நான் குந்தணுமா? எறக்கி வுடுய்யா!”

பின்னால் நிற்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வீட்டில் கூப்பிடுவதுபோல் என்னை ‘நைனா’ என்று கூப்பிட்டுவிட்டால்? பயத்தில் விசிலை ஊதினேன்.

“ஏம்மா, சேத்துக்காலோட குந்திக்கினு கீறியே, எறங்கு!”

அத்தை என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“கோச்சுக்காதீங்க சார். நடந்தே பூட்றேன்.”

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வீங்கிய காலோடு மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தூக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் கேட்டாள்:

“உன் வேலைக்கு ஒண்ணும் ஆவலயே, நைனா?”

அந்த வேலையில்தான் ரிட்டயர் ஆனேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று பஸ்ஸைவிட்டு இறங்கியிருக்க வேண்டியவன் நான்.