பெருவிரல் வச்ச பாடம்

கொமினிகேஷன் கடைன்னா போட்டோகொப்பி அடிக்கிற எடம்னு நெனச்சுத்தான் வேலைக்குச் சேந்தேன். இப்ப பாத்தா அது பள்ளிக்கூடத்தோட பின்வாசல். ஏ.எல். படிப்பப் பாதியில ஒதறிட்டு வந்தவன் நான். பாடம் என்னய விடாம வாட்ஸ்அப்புல ஏறி, ராகலை டவுன் வரைக்கும் தொரத்திக்கிட்டு வந்திருச்சு. போன்ல வந்த நோட்டப் பாத்துப் பாத்துக் கண்ணு அவிஞ்ச கூட்டாளிகளே, ஒங்களுக்குச் சொன்னாப் புரியும்.

இலை சுத்துது

ஸ்கூல்ல சயன்ஸ் படிச்சுக் குடுக்கிற சேர் யாழ்ப்பாணத்துக்காரரு. நல்ல மனுசன், போன் கையில வந்துட்டா மட்டும் சின்னப்புள்ள. இலை வெயில்ல சாப்பாடு செய்யிற ஒளித்தொகுப்புப் பாடத்துக்கு ஒரு டிக்டொக் போட்டாரு. இலையாட்டம் ரெண்டு கையையும் விரிச்சு ஒரே ஆட்டம். அத ஓ.எல். வகுப்புல சொவத்துல காட்டணும், வந்து கனெக்ஷன் குடுன்னு என்னயக் கூப்பிட்டாரு.

ஜன்னலுக்கு வெளிய பூரா தேயில. கைய நீட்டுனாக் கொழுந்து வந்துரும். அத விட்டுட்டு நாப்பது புள்ளைங்களும் சொவத்துல லோடிங் வட்டம் சுத்துறதக் கால் மணி நேரம் பாத்துச்சுங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன் எந்திரிச்சான்.

"சேர், இலைக்கு வெயில் கெடச்சிருச்சு. டவர்தான் கெடைக்கல."

மலையில வகுப்பு

அதுக்கப்புறம் சேர் போர்டுல எழுதுறதயே விட்டுட்டாரு. நோட்டெல்லாம் வாட்ஸ்அப் குரூப்புலதான். அந்த வகுப்புப் புள்ள தர்ஷினி வீட்டுல இருக்கிறது ஒரே போன். அது அவ அம்மா செல்வராணி அக்காகிட்ட. அவங்க குடியிருக்கிற லயத்து வீட்டுல சிக்னல் கெடையாது. அக்கா ஏழாம் நம்பர் மலையில கொழுந்து பறிக்கிறப்பதான் டிங் டிங்னு பாடம் விழும். அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேல விட்டு பஸ் ஏறி வந்து போன என்கிட்ட நீட்டுவாங்க, நான் பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன்.

"பாடமெல்லாம் எனக்குத்தான் வருது தம்பி. பரீட்சையையும் நானே எழுதிறவா?"

ஊதா விரல்

ஒருநாள் சேர் குரூப்புல வொய்ஸ் போட்டாரு. விளங்கின ஆக்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் பெருவிரல் போடுங்கோ, போடாத ஆக்களை குரூப்பில இருந்து எடுத்திடுவன்னு. குரூப்புல இல்லாட்டி ஓ.எல். பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளும் கெடையாது. அவரு சொன்னது போன்ல இருக்கிற கட்டைவிரல் பொம்மைய.

அத மலையில நின்னு கேட்ட அக்கா, மறுநாள் ஊதா விரலோட கடைக்கு வந்தாங்க. தோட்டத்துக் கணக்கப்புள்ளகிட்ட மை வாங்கி, பதினோரு பாடத்துக்குப் பதினோரு கோடு போட்ட தாள்ல கைநாட்டு வச்சிருக்காங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. வெளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லாம, படம் புடிச்சு அவங்க போன்ல இருந்தே குரூப்புக்குத் தட்டிவிட்டேன். நக்கல் பண்றாங்கன்னு சேர் அன்னைக்கே தர்ஷினியக் குரூப்புலருந்து தூக்கிட்டாரு.

அக்கா திரும்ப வந்தாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

"நான் ஏதும் தப்பா வச்சிட்டேனா தம்பி? புள்ளைக்குப் பேப்பர் கெடைக்காதா?"

காலிக் கோடு

அக்காவையும் தாளையும் கூட்டிக்கிட்டு சேர்கிட்டப் போயி, குத்தம் என்னோடதுன்னு சொன்னேன். அவரு தாளயே பாத்தாரு. ஒம்பது கோட்டுலதான் விரல் இருக்கு, ரெண்டு காலி. ஏன்னு கேட்டாரு. மகள ஒவ்வொரு பாடமா வாயால சொல்லச் சொன்னாங்களாம் அக்கா; ரெண்டுல புள்ள தடுமாறிருச்சாம், அதுக்கு வைக்கலயாம். மத்த முப்பத்தொம்பது பேரும் பதினொண்ணுக்கும் பொம்மையத் தட்டியிருந்தாங்க.

தர்ஷினிய அங்கயே திரும்ப சேத்துட்டாரு. மறுநாள் அந்த ரெண்டு பாடத்தையும் வகுப்புல ஒவ்வொரு புள்ளையா எழுப்பி எழுப்பிக் கேட்டிருக்காரு. சாயங்காலம் கடைக்கு வந்தவரு பிரிண்ட் எதுவும் கேக்கல. போர்டுல எழுதச் சோக்கட்டி எங்க வாங்கலாம்னு கேட்டாரு.

"எல்லாரும் விரல் போட்டிருக்கினம் தம்பி. ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

ஆக, வகுப்பே விரல் வச்ச அந்தக் குரூப்புல, புள்ளகிட்டப் பாடத்தக் கேட்டுட்டு வச்சது எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தங்க மட்டுந்தான்.