அப்பா அவிழ்த்த முடிச்சு

அப்பாவும் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இருவரும் காவிரிக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். யார் கண் பட்டதோ, மூவருக்கும் கடல் மீன் ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் உறையூரிலிருந்து கிளம்பி நாகப்பட்டினம் போவார்கள். மறுநாள் படகு ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை வெறுங்கையோடு வந்தார்கள். அம்மா சிரித்த சிரிப்பை அப்பாவால் தாங்க முடியவில்லை. மூன்றாம் முறை, ஐப்பசியில், நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

அன்றும் வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு வேண்டாமே என்று படகுக்காரர் இழுத்தார். காவிரி வெள்ளத்தையே பார்த்தவர்கள் நாங்கள் என்று பேசிப் பேசி நண்பர்கள் அவரைக் கரைத்துவிட்டார்கள்.

கரை கோடாகத் தெரிந்த இடத்தில் தூண்டிலை இறக்கியதுதான் தாமதம், காற்று கிளம்பியது. மழை கண்ணைத் திறக்க விடவில்லை. படகு ஏறி ஏறித் தொப்பென்று விழுந்தது. ஆற்றுக்காரர்களுக்கு ஆபத்தென்றால் தெரிந்தது ஒரே வழிதான், கரைக்கு ஓடுவது. படகுக்காரரோ படகைக் கடல் பக்கம் திருப்பினார். அவர் எங்களைக் கொல்லத்தான் கொண்டுபோகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. நண்பர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது. ஒருவர் துடுப்பைப் பிடுங்கவே போனார்.

“கரைகிட்டதான் சார் அலை உடையுது. இப்ப போனா கவுத்துடும்,” என்றார் படகுக்காரர்.

அப்பா தோள்துண்டை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். எனக்குப் பாதி பயம் போனது. அப்பாவோடு கட்டியிருக்கும்போது எனக்கு என்ன ஆகிவிடும்?

அதைப் பார்த்த படகுக்காரர், நீச்சல் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

“பாப்பா நல்லா நீந்துவா. எனக்குத் தெரியாதுங்க,” என்றார் அப்பா. உண்மைதான். உய்யக்கொண்டான் வாய்க்காலில் மாமா எனக்கு நீச்சல் பழக்கியபோது, அப்பா கரையில் துணியைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவுத்து விட்டுடுங்க சார்.”

அப்பா ஈர முடிச்சோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். வேண்டாம்பா வேண்டாம்பா என்று கதறினேன். முடிச்சு அவிழ்ந்தது. அவர் சட்டையைப் பிடித்தேன். அந்தக் கையையும் விலக்கிவிட்டார்.

“படகு கவுந்தா அப்பாகிட்ட வராத. மிதக்குற பலகையப் புடிச்சுக்க.”

படகு கவிழவில்லை. மதியத்துக்குள் காற்று அடங்கி, படகுக்காரர் எங்களைக் கரை சேர்த்தார். நண்பர்கள் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். அப்பா என்னைத் தூக்க வந்தார், நான் போகவில்லை. பஸ்ஸிலும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்த உடனே அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். அப்பா பயந்துபோய் என்னைத் தள்ளிவிட்டுவிட்டார், கிட்டவே வராதே என்று சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்கு நன்றாக விழப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை. என் முன்னாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னை வேண்டாம் என்றவருக்கு அம்மாவும் கட்சி சேர்ந்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு வாரம் இருவரோடும் பேசவில்லை. மூழ்கினால் தான் மட்டும் மூழ்குவது என்று ஒரு மனிதர் முடிவு செய்ததுதான் அது என்பது பத்து வயதில் எனக்கு எட்டவில்லை.