காய்ச்சிய எச்சில்

போன வாரம் வாசல்படியில் கால் இடறி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். எண்பதைத் தாண்டியும் எனக்குப் படியைப் பார்த்து நடக்கத் தெரியவில்லை. சரவணம்பட்டி கிளினிக்கில் நர்ஸ் பெண் பழுப்பு மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் துடைத்தபோது ஒரு சொட்டு என் புடவையில் விழுந்தது. இன்றும் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிறவள் நான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு கருநீலமாகிவிட்டது.

"அய்யோ பாட்டிம்மா, கறையாயிருச்சுங்க!" என்று அவள் பதறினாள். நான் சிரித்தேன். கஞ்சியில் அயோடின் பட்டால் வேறென்ன ஆகும்? ஆனால் அந்த நீலத்தைக் கண்டால் எனக்குச் சரோஜினியின் முகம்தான் ஞாபகம் வரும். வந்தால் இன்னமும் பல்லைக் கடிப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருவரும் விலங்கியல் படித்தோம். அவள் மில் முதலாளியின் மகள், காரில் வருவாள். என் அப்பா வெள்ளகோவில் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து வேறொரு மில்லில் நூல் நூற்றவர். லேபில் தவளை கிடக்கும் ஃபார்மலின் வாடை எங்கள் விரல்களை விட்டுப் போகாது. எத்தனை சோப்புப் போட்டாலும் மதியச் சோற்றில் மணக்கும். அந்த வாடையோடு எலுமிச்சைச் சோறு தின்றே எனக்கு எலுமிச்சைச் சோறு வெறுத்துப்போனது.

அப்படித் தின்றுகொண்டிருந்த ஒரு மதியம் எனக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் முட்ட, பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டேன். அது சரோஜினியுடையது, அவள் பெயர் வெட்டியது. அண்ணாந்து குடிக்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும், நீங்களே சொல்லுங்கள்.

"எச்சப் பண்ணிப்போட்டாளே! ஆயா, இதக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க" என்றாள். கழுவக்கூடச் சொல்லவில்லை. இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் குப்பைத் தொட்டியிலிருந்து அதை நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

அடுத்த வாரமே லேபில் எச்சில் பரிசோதனை. வாயைக் கொப்பளித்து, ஒரு துண்டு மெழுகை மென்று, ஊறுகிற எச்சிலைக் குழாயில் பிடிக்க வேண்டும். எச்சிலில் இருக்கும் டயலின் என்ற நொதி மாவுக் கரைசலைச் சர்க்கரையாக உடைத்துவிடும். குழி குழியான வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அயோடின் சொட்டுகளை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை விட்டுப் பார்ப்போம். முதலில் நீலம், பிறகு ஊதா, பிறகு பழுப்பு, கடைசியில் நிறமே மாறாது. என் எச்சில் எட்டு நிமிடத்தில் முடித்துவிடும். வகுப்பிலேயே அதுதான் வேகம் என்று எனக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்டவளுக்கு.

சரோஜினி காலிக் குழாயோடு வந்தாள். "ஏனம்மணி, எல்லாரும் பாக்கையில எனக்குத் துப்ப வராது. உன்றது கொஞ்சம் குடேன்" என்றாள்.

டம்ளரில் பட்டால் தீட்டு, குழாயில் பட்டால் மார்க்கா? அப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கொடுத்தேன். அந்த வருடம் முழுக்கக் கொடுத்தேன், உள்ளே எரிந்துகொண்டே.

கடைசிப் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். "தேறாட்டி தையிலயே கல்யாணம்னு எங்கப்பா சொல்லிப்போட்டாரு" என்று சரோஜினி முதல்நாளே அழுதிருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவளுக்கான எச்சிலை ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தேன். காய்ச்சினால் நொதி செத்துப்போகும். அவசரமாகக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஓட்டில் நீலம் போகவே இல்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், நீலம் நீலமாகவே நின்றது. "ஏம்மா, இது எச்சிலா, பச்சத்தண்ணியா? என் கண்ணு முன்னால புதுசாப் பிடி" என்றார் பேராசிரியர். வாய் உலர்ந்து, குழாயை உதட்டில் வைத்தபடி, இருபது பெண்கள் பார்க்க நின்றாள். ஒரு துளி வரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க. தை மாதம் அவள் உடுமலைப்பேட்டைக்கு மருமகளாகப் போனாள். பாவம் என்பீர்கள். நான் சொல்ல மாட்டேன்.

மூன்று வருடம் முன்பு, பேரன் கல்யாணப் பத்திரிகையோடு அவளே வீடு தேடி வந்தாள். அந்த டம்ளரில்தான் மோர் கொடுத்தேன். அதில்தான் அத்தனை வருடமாக நான் குடித்து வந்தேன். அவள் அதைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். பிறகு வாய் வைத்து முழுசாகக் குடித்தாள்.

"அன்னிக்கு நீ குடுத்த டியூப்பு சுட்டுதம்மணி. கையில வாங்குனப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எச்சல் உன்றதுன்னு நானே ஒத்துக்கோணுமே."

கிளம்பும்போது டம்ளரைக் கையில் எடுத்தாள். "இது என்றதுதான? கொண்டு போகட்டா?"

"வேண்டாஞ் சாமி. அது எச்சல்" என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

கல்லூரி லேப் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சரோஜினி போன புரட்டாசியில் போய்ச் சேர்ந்தாள். கிளினிக்கிலிருந்து வந்ததும் புடவைக் கறையில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் நீலம் போய்விட்டது. இந்த வயதிலும் என் எச்சில் வேலை செய்கிறது பார் என்று அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தச் சண்டாளி இல்லை.