நின்ற வேன்

டொமினிக் பத்தொன்பது வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டியவர். வீடு அல்சூரில். ஆயா மமதா கதவைச் சாத்தி "ரைட்" சொல்லும்வரை கியரைத் தொடமாட்டார்.

போன ஜூலையில் ஒரு காலை, மெட்ரோ பாலத்துக்குக் கீழே லேசான ஏற்றத்தில் உள்ள சிக்னலில் வேன் நின்றிருந்தது. இடதுபக்கம் உரசுகிற மாதிரி ஒரு பஸ். கால் பிரேக்கில்தான் இருந்தது. ஆனாலும் சட்டென்று வேன் பின்னால் சரிவதுபோல் இருந்தது அவருக்கு.

"ஐயோ, வண்டி பின்னாடி போகுது!" என்று கத்தி, பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார். அதே நேரம் பின்னால் டமாரென்று ஒரு சத்தம். கிருத்திகா என்ற யு.கே.ஜி. குழந்தை முன்சீட்டுக் கம்பியில் இடித்து, உதடு கிழிந்து அழுதது.

பின்னால் இருந்த காரின் டேஷ்கேமில் அது பதிவாகியிருந்தது. நாலே விநாடி. மஞ்சள் வேன் பெரிதாகிக்கொண்டே வந்து மோதுகிறது. மத்தியானத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அந்த வீடியோதான்.

பள்ளியின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சேஷகிரி, மமதாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவளுக்குப் பொய் வராது. "வண்டி பின்னாடி போகுதுன்னு அவரேதான் கத்தினாரு சார்."

சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் டொமினிக் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த நாலு விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "பிரேக்கை மிதிச்சேன் டோரீன், சத்தியமா. ஆனா வண்டி போனது எனக்கே தெரிஞ்சுதே. அந்தக் குழந்தை வாயில ரத்தம்..." என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அழுதார். தன் காலை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று தெரியவில்லை.

டோரீன் கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்ப்பவள். மூன்றாம் நாள் போனை வாங்கி, மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. பின்சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சாக்கடை மூடி. நடுவுல ஒரு சாண் இடம். வேன் பெரிசாகுறப்போ மூடியும் பெரிசாகுது, அந்த ஒரு சாண் அப்படியேதான் இருக்கு. ரோடும் சேர்ந்து ரிவர்ஸ்லயா வருது?"

டொமினிக் போனைப் பிடுங்கிப் பார்த்தார். வந்து மோதியது கார். வேன் நின்ற இடத்தில்தான் நின்றது. அப்படியானால் தனக்கு ஏன் சரிந்தது? பஸ்! ஜன்னல் முழுக்க அடைத்து நின்ற அந்த பஸ் முன்னால் நகர்ந்திருக்கிறது. அதைத்தான் தான் பின்னால் போவதாக நினைத்திருக்கிறார்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பள்ளிக்கு ஓடினார். சேஷகிரி வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "உங்க மேல தப்பில்ல டொமினிக்," என்றார். கார்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டதும், போனைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டதாக அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த நேரம் கிருத்திகாவின் அப்பா உள்ளே வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வண்டி நின்னுச்சு, சரிங்க. ஆனா தன் வண்டி நிக்குதா போகுதான்னே தெரியாத ஆள்கிட்ட குழந்தையை எப்படி விடுறது?"

"யாருக்கும் அப்படித் தோணும் சார்," என்றார் டொமினிக். " ரயில்ல உட்கார்ந்திருக்கப்போ பக்கத்து ரயில் கிளம்பினா, நம்ம ரயில் போற மாதிரி இருக்கும்ல?"

"அந்த ரயிலை நீங்க ஓட்டலையே."

டொமினிக் சேஷகிரியைப் பார்த்தார். சேஷகிரி மேஜையைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை வேனுக்குப் புது டிரைவர் வந்தார்.

அத்திபெலேயில் ஒரு சரக்கு டெம்போ கிடைத்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கதவைத் திறந்து கீழே தரையைப் பார்ப்பார். பச்சை விழுந்தும் பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். மூன்றாம் நாள் அவராகவே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது ஈஜிபுராவில் ஒரு பேக்கரி கிடங்கில் பன் தட்டுகளை அடுக்குகிறார். போன மாதம் லைசென்ஸ் புதுப்பிக்கிற நாள் வந்தது. டோரீன் படிவத்தை நிரப்பி, பேனாவோடு முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க."

"வேண்டாம் டோரீன்," என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போனார்.